டால்பின் பார்க்கப் போன தோள்பட்டை

வாய் நிறையப் பேஸ்ட்டோடு நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த இடி விழுந்தது.

"ஏங்க, சனிக்கிழமை கடற்கரைக்குப் போறோம். ரிசார்ட் புக் பண்ணியாச்சு" என்றாள் என் மனைவி. "காலையில படகுல போய் டால்பின் பார்க்கறோம். மத்தியானம் சர்ஃபிங்."

"சர்ஃபிங்கா? யாருக்கு?"

"நமக்குத்தான். நீங்கதான் நீச்சல் சாம்பியனாச்சே!"

பேஸ்ட் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

சாம்பியன் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் என் பெட்டியிலிருந்து ஒரு கோப்பை உருண்டு விழுந்தது. எழுத்தெல்லாம் அழிந்த பழைய கோப்பை. "இது எதுக்குக் கொடுத்தாங்க?" என்று கண்களை அகல விரித்துக் கேட்டாள். கேரம் போர்டில் இரண்டாம் பரிசு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "காலேஜ்ல நீச்சல்" என்றேன். அவ்வளவுதான். பதினான்கு வருஷமாகக் கோப்பை ஹால் அலமாரியில் இருக்கிறது. என் பன்னிரண்டு வயது மகள் வாராவாரம் அதைத் துடைக்கிறாள். பள்ளிக்கூடத்தில் "எங்கப்பா எப்படி?" என்று கட்டுரை எழுதி, அதில் என்னை மீனோடு ஒப்பிட்டுப் பரிசே வாங்கிவிட்டாள்.

மீனுக்குத் தண்ணீர் என்றால் உதறல். கணுக்காலுக்கு மேல் நனைந்தால் எனக்கு மூச்சு முட்டும். மனைவி சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், தாங்கிக்கொள்வேன். மகள் முன்னால் முங்கி, கை கால் உதறி, யாராவது என் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து கரையில் போட்டால்? அந்தக் கட்டுரையின் கதி என்ன?

ஆனால் நான் லேசுப்பட்டவனல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் இன்ஸ்பெக்டர். "கை தூக்க முடியல, கால் ஊன முடியல" என்று வருகிறவர்களில் யார் நிஜம், யார் போலி என்று பிரித்துச் சொல்வது என் வேலை. போலி என்று தெரிந்தால் சிவப்பு முத்திரையை எடுத்து, அந்த ஆள் கொடுத்த அத்தனையிலும் ஓங்கிக் குத்துவேன். மேஜை அதிரும். அதில் எனக்குத் தனி ஆனந்தம்.

சாப்பிடும்போது இந்தப் பிரதாபத்தை மனைவியிடம் அளக்காத நாளில்லை.

"வலிக்குதுன்னு சொல்ற இடத்தைப் பார்க்கவே கூடாது, தெரியுமா? ஆளைச் சந்தோஷப்படுத்தணும். சந்தோஷம் வந்தா வலி மறந்துரும். இன்னிக்கு ஒருத்தன், கழுத்தைத் திருப்பவே முடியாதாம். ஜன்னல்ல ஒரு குரங்கு வந்துச்சு பாரு, ஆந்தை மாதிரி திருப்பினான்!"

"ம்" என்பாள். காதில் வாங்குவதேயில்லை என்று நினைத்திருந்தேன்.

இத்தனை போலிகளைப் பார்த்தவனுக்கு ஒரு போலி வலி வரவழைக்கத் தெரியாதா? வெள்ளிக்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் "ஐயோ!" என்று ஒரு சத்தம் போட்டேன். வலது தோள்பட்டை போச்சு. எப்போதோ என்னிடம் மாட்டிக்கொண்ட ஓர் ஆசாமி கையைக் கழுத்தோடு தொங்கவிடும் நீலக் கைக்கட்டை என் மேஜையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு ஓடியிருந்தான். அது எங்கள் பழைய பைல் அலமாரியில் கிடந்தது. அவசர அவசரமாக எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"அடடா, ரொம்ப வலிக்குதாங்க?" மனைவி என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். முதுகுப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள். ஏனோ இருமினாள்.

"கையை அசைக்கவே முடியல. ட்ரிப்பைத் தள்ளிப் போட்டுரலாமா?"

"எதுக்கு? டால்பின் பார்க்கக் கண்ணு போதுமே. சர்ஃபிங்கை அப்புறம் யோசிக்கலாம்."

பாதிக் கிணறு தாண்டிய மாதிரி இருந்தது. மீதிப் பாதியில் தண்ணீர் இருக்குமே என்ற கவலையும் இருந்தது.

சனிக்கிழமை ரிசார்ட்டில் எங்கே போனாலும் ஜனங்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வரவேற்பறைப் பெண் புன்னகைத்தாள். படகில் பின்வரிசையில் இருந்த புதுமணத் தம்பதி ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். பாவம், நோயாளி என்று இரக்கப்படுகிறார்கள். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

படகு நடுக்கடலுக்கு வந்தது. கைக்கட்டுக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு, இடது கையால் கம்பியைப் பிடித்தேன். பிடித்தேன் என்பது சரியில்லை, கம்பியோடு ஒட்டிக்கொண்டேன். படகுக்காரர் எஞ்ஜினை நிறுத்தினார்.

"எல்லாரும் அமைதியா இருங்க. எந்தப் பக்கம் வரும்னு சொல்ல முடியாது. முதல்ல பார்க்கிறவங்க கையைக் காட்டுங்க."

கடல் சும்மா கிடந்தது. அரைமணி நேரம். எனக்குக் குமட்டியது. சர்ஃபிங் நேரத்துக்குள் கரைக்குப் போய், வலி அதிகமாகிவிட்டது என்று முனக வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் கண்ணுக்கு நேரே சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு வளைந்தது. இன்னொன்று. அப்புறம் குட்டியோடு சேர்த்து ஏழெட்டு! ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆளுயரத்துக்கு எழும்பியது.

"அதோ! அதோ! பாப்பா, அங்க பாரு! குட்டி! குட்டி!"

கத்தியது நான். சுட்டிக் காட்டியதும் நான். எந்தக் கையால் என்று கேட்காதீர்கள். கைக்கட்டு காதில் தொங்கியது.

திரும்பிப் பார்த்தேன். மகள் முன்பக்கம் ஓடிப்போய் டால்பினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் செல்போனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆளைச் சந்தோஷப்படுத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மெதுவாக. "சர்ஃபிங்னு சொன்னா ஏதாவது ஒரு வலியோட வருவீங்கன்னு தெரியும். அதனாலதான் டால்பினைக் காலையில வச்சேன்."

"நேத்தே சந்தேகமா?"

"சந்தேகம் எதுக்குங்க? கட்டோட பின்பக்கத்தைப் பாருங்க."

கழற்றிப் பார்த்தேன். முதுகில் வரும் பட்டையில், பெரிய சிவப்பு எழுத்தில், ஓங்கிக் குத்தப்பட்ட என் சொந்த முத்திரை: போலி.

ரிசார்ட் முழுக்க அதோடுதான் உலா வந்திருக்கிறேன். புதுமணத் தம்பதி இப்போது ஒளிவுமறைவில்லாமல் சிரித்தார்கள்.

அங்கேயே சரணடைந்தேன். கேரம் போர்டு முதல் கணுக்கால் வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"இதைச் சொல்லப் பதினாலு வருஷமா? உங்க வாயால வரட்டும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

"என்னை என்ன வேணா சொல்லு. பாப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவ மனசு உடைஞ்சுரும். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், போதுமா?"

அப்பாடா என்றிருந்தது. மத்தியானம் நிம்மதியாக மணலில் குடைக்கடியில் உட்கார்ந்தேன். சர்ஃபிங் கற்றுத்தரும் கோச் கையில் ஒரு தாளோடு நேராக என்னிடம் வந்தார்.

"சார், நீங்கதானே குழந்தைங்க பேட்ச்?"

தாளை வாங்கினேன். என் பெயரில் சர்ஃபிங் பதிவுப் படிவம், பதினைந்து நாளைக்கு முந்தைய தேதி. 'நீச்சல்: தெரியாது. தண்ணீர் பயம்: ரொம்ப. முழங்காலுக்கு மேல் கூட்டிப் போகக் கூடாது. கத்தினால் கண்டுகொள்ள வேண்டாம்.' மனைவியின் கையெழுத்து இப்படிக் குண்டு குண்டாக இருக்காதே என்று யோசித்தபடி கடைசி வரிக்கு வந்தேன். 'தண்ணீரில் பொறுப்பாளர்' என்ற இடத்தில் என் மகள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

நிமிர்ந்தேன். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"பயப்படாம வாங்கப்பா, பிடிச்சுக்கறேன்" என்று கையை நீட்டினாள். "எந்தக் கையை வேணாலும் கொடுங்க. ரெண்டும் நல்ல கைதானே!"