பெல் துரை இளைப்பாறிய குட்டை

குட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் ஒரு பழைய டயர் மட்டும் கிடந்தது. கரையில் நட்டிருந்த கல்லில், "கேப்டன் பெல் தமது நெடும்பயணத்தின்போது இந்த எழில்மிகு நீர்நிலையின் ஓரம் இளைப்பாறினார்" என்று பொறித்திருந்தது. நோயல் பாஸ்கோ டயரைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மத்தியானத்துக்குள்ள வந்துருவாங்க," என்றாள் அவர் மனைவி கிளெனிஸ். "எழில்மிகு டயர்னு மாத்திப் பொறிச்சிரலாமா?"

வரப்போகிறவர் கவுன்சிலின் சுற்றுலா அதிகாரி. நெடுஞ்சாலையில் எங்கள் ஊருக்கு, பார்க்க வேண்டிய இடம் என்று காட்டும் பழுப்புப் பலகை வைக்கலாமா வேண்டாமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பழுப்புப் பலகை இருந்தால்தான் காருக்குப் பின்னால் கேரவன் வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் ஓய்வுபெற்ற கிழங்கள், 'இங்கே என்னமோ இருக்கும்போல' என்று வண்டியைத் திருப்பும். இல்லாவிட்டால் பெல்ஸ் ரெஸ்ட் என்று ஓர் ஊர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஒரு தும்மல் போட்டால் ஊர் முடிந்துவிடும்.

எங்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை. ரயில் நின்றது. பாங்கு போனது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பப் தீப்பிடித்து எரிந்தது. அதுவாகத்தான் பிடித்தது என்று காப்பீட்டுக்காரர்களிடம் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். மிச்சம் இருப்பது நோயலின் கடை ஒன்றுதான். தபால், பெட்ரோல், ரொட்டி, கறி அடைத்துச் சுட்ட மீட் பை எல்லாம் அங்கேதான். பலகை வராவிட்டால் கடலோரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதாகக் கிளெனிஸ் சொல்லிவிட்டாள். நோயல் கூட வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. கொள்ளுத்தாத்தா ஆரம்பித்த கடையை விட்டுப் போகவும் அவருக்கு மனசில்லை, கிளெனிஸை விட்டு இருக்கவும் தெம்பில்லை. அந்தப் பலகையை நினைத்து மனுஷன் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

அப்போதுதான் மெர்வ் வந்தார். ஆட்டுப் பண்ணைக்காரர். எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவரும் அவர்தான், படையும் அவர்தான்.

"ஏம்ப்பா, இதுக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? தீயணைப்பு வண்டி எதுக்கு இருக்கு? நாலு நடை அடிச்சா குட்டை ரொம்பிரும்."

"தண்ணி எங்கப்பா இருக்கு?"

"போர்த் தண்ணிதான்."

"அது நாறுமே."

"காத்துல போயிரும்ப்பா. விடு."

காற்று அன்றைக்குப் பார்த்து வரவில்லை. குட்டை நிரம்பியது, வாஸ்தவம். துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர் தளும்பியது. டயர் மிதந்தது. ஊர் முழுக்க அழுகின முட்டை நாற்றம் கிளம்பியது.

கிளெனிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு கல்லை வாசித்தாள். "எழில்மிகு. ஆமாமா."

"வாத்து விடலாம்," என்றார் மெர்வ். "வாத்து நீந்துறதப் பாத்தா மூக்கு ஞாபகம் யாருக்கு வரும்?"

வேறு யோசனை எதுவும் நோயலுக்குத் தோன்றவில்லை. மெர்வ் பண்ணையிலிருந்து வாத்துகளைக் கூண்டோடு கொண்டுவந்து தண்ணீரில் இறக்கினார்கள். ஒரு வாத்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு நோயலை முறைத்தது. பிறகு எல்லாமாக வரிசையாகக் கரையேறி, அவருடைய காருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டன.

"தீனி போட்டா இறங்கிரும்," என்றார் மெர்வ்.

ஒரு மூட்டைக் கோதுமையைக் குட்டையைச் சுற்றி வீசினார்கள். வாத்துகள் அசையவில்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் மெர்வின் ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. ரெண்டு வருஷமாக மழையையும் பார்க்காத, பச்சையையும் பார்க்காத ஆடுகள். முதல் ஆடு தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது.

"மெர்வ்," என்றார் நோயல் மெதுவாக. "அந்த வேலி தாங்குமா?"

"போன வருஷம் தாங்குச்சு."

இந்த வருஷம் தாங்கவில்லை. மந்தை மொத்தமும் வந்து இறங்கியது. கோதுமையைத் தின்றது, நாறும் தண்ணீரைத் தேவாமிர்தமாகக் குடித்தது, குடித்த இடத்திலேயே புழுக்கை போட்டது, அப்புறம் சேற்றில் வயிறு வரைக்கும் புதைந்து நின்று கத்தியது. ஆடுகளை இழுக்க மெர்வ் தீயணைப்பு வண்டியைக் கிட்டே கொண்டுபோனார். சக்கரம் முழுசாகப் புதைந்தது.

"கவலைப்படாத. முன்னாடி இழுவைக் கம்பி இருக்கு. எதுலயாச்சும் மாட்டிட்டா வண்டி தன்னத் தானே இழுத்துக்கும்."

"இங்க மரமே கிடையாதேப்பா."

மெர்வ் கல்லைப் பார்த்தார். நோயலும் கல்லைப் பார்த்தார்.

"வேண்டாம்ப்பா," என்றார் நோயல்.

"நூறு வருஷமா நிக்கிற கல்லுப்பா. அசையுமா?"

கம்பியை மாட்டி இழுத்தார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து, எழுத்து கீழாகச் சேற்றில் குப்புற விழுந்தது. கால் ஊன்ற இடம் கிடைத்ததே என்று ஓர் ஆடு அதன்மேல் ஏறி நின்றுகொண்டது.

நோயல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் போச்சு," என்றார். அந்த நேரத்தில்தான் கவுன்சிலின் வெள்ளைக் கார் வந்து நின்றது.

சுற்றுலா அதிகாரி ஜோசலின் க்வேஃப் இறங்கினார். இறங்கியதும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். கூடவே கவுன்சில் குழுவில் இருக்கும் டொரீன் ஆன்ட்டியும் இறங்கினார். பக்கத்து ஊரான கர்ராவிங்காவில் ஆற்றங்கரையில் இருக்கும் பூர்வகுடிக்காரர். வெள்ளைக்காரன் கப்பல் ஏறுவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே அந்த ஆறு அவர்கள் ஆறு. வற்றாத ஆறு, பெரிய பெரிய மரம், கேரவன் நிறுத்த இடம் கிடைக்காது. எங்கள் வயிற்றெரிச்சலே அந்த ஊர்தான். ஆன்ட்டியின் கையில் சாஸ் வழியும் மீட் பை இருந்தது.

"கடையில யாரும் இல்ல கிளெனிஸ்," என்றார் ஆன்ட்டி. "நானே எடுத்துக்கிட்டேன்."

"நல்லாச் சாப்பிடுங்க ஆன்ட்டி. இனிமே கிடைக்காது."

ஜோசலின் ஈயை விரட்டிக்கொண்டே கேட்டார். "வரலாற்றுச் சின்னம் ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, எங்க?"

"அது அந்த ஆட்டுக்குக் கீழ இருக்கு மேடம்," என்றார் நோயல்.

ஜோசலின் ஆட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், காருக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்த வாத்துகளைப் பார்த்தார்.

"நோயல், நான் என்னன்னு சொல்லி இதுக்குப் பலகை குடுக்கறது?"

நோயல் கையைக் கூப்பினார். "மேடம், உங்க கால்ல வேணாலும் விழறேன். பலகை இல்லன்னா என் கடை இல்ல, கடை இல்லன்னா ஊர் இல்ல. இவளும் போயிருவா. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது மேடம்." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளெனிஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் அது நாற்றத்தினால் என்று அப்புறம் சொன்னாள்.

ஜோசலினும் மனுஷிதானே, இளகிவிட்டார். "சரி. குட்டைய விடுங்க, கல்ல விடுங்க. அந்த கேப்டன் பெல் பாதி நாட்ட நடந்தே சுத்தினவரு. எவ்வளவோ நல்ல இடம் பாத்திருப்பாரு. எல்லாத்தயும் விட்டுட்டு இங்க வந்து ஏன் தங்கினாரு? அதுக்கு ஒரே ஒரு உண்மையான காரணம் சொல்லுங்க. பலகைய நான் குடுத்துடறேன்."

நோயல் ஆட்டுக்குக் கீழே கிடந்த கல்லைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்தக் கல்லைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறார். இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

"இந்த அமைதி..." என்று ஆரம்பித்தார். மந்தை மொத்தமும் கத்தியது.

"அவரு வண்டியும் இங்க சிக்கியிருக்கும்," என்றார் மெர்வ்.

"காரணம் எனக்குத் தெரியும்," என்றார் டொரீன் ஆன்ட்டி.

எல்லோரும் திரும்பினோம். நோயல் முகத்தில் உயிர் வந்தது. எழுந்தே நின்றுவிட்டார். "சொல்லுங்க ஆன்ட்டி. நல்லா இருப்பீங்க, சொல்லுங்க."

ஆன்ட்டி மீட் பையின் கடைசி வாயை மென்று விழுங்கி, விரலில் ஒட்டிய சாஸைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன்தான் அந்தத் துரைக்கு வழி காட்டினவரு. நல்ல தண்ணி எங்க இருக்குன்னு துரை கேட்டாராம். நல்ல தண்ணி எங்க ஆத்துல இருந்துச்சு, அதனால இவரு இந்தப் பக்கமாக் கையக் காட்டிவிட்டாரு. வெள்ளைக்காரங்க நீங்கல்லாம் ரெண்டு நாள்ல கெளம்பிருவீங்கன்னுதான் நெனச்சாராம்."