கறுப்பு ஆர்டர்

முதுகுவலி என்று வாய்விட்டுச் சொன்னவனுக்கு ஊரெல்லாம் வைத்தியர்கள். அத்தனை பேர் சொன்னதையும் ஒரே நேரத்தில் கேட்ட முட்டாள் ஒருவன் உண்டென்றால், அது நான்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் பினிஷிங் பிரிவில் இருந்தேன். பதனிட்ட தோலை மேஜையில் விரித்து, கையால் தேய்த்து நிறம் ஏற்றுவது என் வேலை. அடுத்த மேஜையில் ஸ்ப்ரே அடிப்பார்கள். என் மேஜை யாரோ குள்ளமான மனிதருக்காகச் செய்தது, நானோ நெட்டைக்கொக்கு. நாள் முழுக்கக் குனிந்தே நின்றதில், சாயங்காலம் நான் நிமிர்வதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். (ஒருவர் தூக்க, ஒருவர் சிரிக்க.)

தூக்குகிறவர் பாஷா பாய். எதிர் மேஜைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மனைவி இறந்து, பிள்ளைகளும் இல்லாமல், மசூதித் தெருவில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். அவருக்கு முழங்கால் வலி. முதல் மாத்திரையைக் கொடுத்தது அவர்தான்.

“போட்டுப் பாரு தம்பி. இது இல்லன்னா எனக்குத் தொழுகைல முட்டி போட்டு எழுந்துக்கவே முடியாது.”

போட்டேன். ஒரு மணி நேரத்தில் முதுகு இருந்த இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நானே கடையில் வாங்க ஆரம்பித்தேன். டாக்டர் சீட்டா? அதையெல்லாம் யார் கேட்டார்கள். பிறகு மருந்துக்கடைக்காரர், “இத்தவிட பவர் ஜாஸ்தி” என்று மஞ்சளில் ஒன்று கொடுத்தார். தொழிற்சாலையின் முதலுதவிப் பெட்டியில் ரோஸ் நிறத்தில் ஒன்று சும்மா கிடைத்தது. சும்மா கிடைப்பதை விடுவேனா? வெள்ளை இடுப்புக்கு, மஞ்சள் தோளுக்கு, ரோஸ் கழுத்துக்கு என்று நானே பிரித்துக்கொண்டேன். வெறும் வயிற்றில் போட்டால் சீக்கிரம் பிடிக்கும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. காலை ஆறு மணிக்கு மூன்றையும் ஒரு டீயில் இறக்குவேன். வயிறு எரிந்தால் இன்னொரு டீ.

இங்கே எங்கள் பிரிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்த நிறத்து ஆர்டர் ஓடுகிறதோ அதுதான் எங்கள் நிறம். கறுப்பு ஆர்டர் ஓடினால் மூக்கைச் சிந்தினால் கறுப்பு, துப்பினால் கறுப்பு, தலையணை உறையும் கறுப்பு. அதனால், அப்படி ஒரு வாரத்தில் காலைக்கடன் தார் மாதிரி கறுப்பாகப் போனபோது நான் பதறவில்லை. பாயிடம் மட்டும் சொன்னேன்.

“கறுப்பு ஓடுதில்ல, வவுத்துலயும் பூந்திருக்கும்” என்றார். “எனக்கும் நாலு நாளா அப்டித்தான் போவுது. வெல்லம் சாப்புடு, சாயத்த இழுத்துனு வந்துடும்.”

சாயத்துக்கும் தூசிக்கும் வெல்லம்தான் எங்கள் மருந்து. ஆளுக்குக் கால் கிலோ தின்றோம்.

அடுத்த வாரம் வெள்ளை ஆர்டர். மூக்கு வெள்ளையானது, எச்சில் வெள்ளையானது, அது மட்டும் கறுப்பாகவே இருந்தது. எனக்கு உறைக்கவே இல்லை. மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. மனைவி சரோஜா என் முகத்தையே பார்த்தாள்.

“இன்னாங்க, மூஞ்சி இப்டி வெளுத்துக் கெடக்கு?”

“வெள்ளை ஆர்டர் ஓடுது” என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

வியாழக்கிழமை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் தோலைப் பார்க்க வந்தார்கள். பரிசோதனை மேஜையில் பால் மாதிரி வெள்ளைத் தோல்களை அடுக்கியிருந்தோம். அவற்றை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டும் கௌரவம் எனக்கு. நான்காவது தோலை விரிக்கும்போது குமட்டிக்கொண்டு வந்தது. காப்பித்தூளைக் கரைத்துக் கொட்டியதுபோல, அந்த வெள்ளையின் மேலேயே வாந்தி எடுத்தேன். பிறகு அதன் மேலேயே விழுந்தேன்.

“தோல எடுங்கடா. மொதல்ல தோல எடுங்க.” இது எங்கள் சூப்பர்வைசர். எனக்கு நினைவு தப்புவதற்கு முன் காதில் விழுந்த கடைசி வார்த்தைகள் இவை. மனிதன் சாகும்போது கேட்க வேண்டியது ராம நாமம் என்பார்கள்.

தோலை எடுத்தார்கள். என்னை எடுத்தது பாய்தான். தோல் ஏற்றும் வேனில், கழித்துப்போட்ட தோல் கட்டுகளின் மேல் படுக்கவைத்து, வீட்டிலிருந்து சரோஜாவையும் ஏற்றிக்கொண்டு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். வழியில் பள்ளிகொண்டாவில் நினைவு வந்தது. கோயிலுக்குள் பெருமாளும் படுத்திருக்கிறார், நானும் படுத்திருக்கிறேன், அவருக்காவது பாம்பு மெத்தை என்று நினைத்துக்கொண்டேன். சரோஜா என் கையைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் தாலியை இறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா கேட்டார்: “மலம் என்ன நிறத்துல போகுது?”

“கறுப்பு ஆர்டர் மேடம்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்க ஆரம்பித்தேன். சரோஜா குறுக்கே வந்தாள்: “இந்த வாரம் வெள்ளை ஆர்டருன்னு சொன்னீங்களே. அப்ப வெள்ளையா இல்ல போயிருக்கணும்?”

ஒரு வாரமாக என் மூளைக்கு எட்டாத கேள்வி.

டாக்டரம்மா என் சட்டைப் பையிலிருந்த மாத்திரைகளைப் பார்த்தார். மூன்றும் மூன்று மருந்து அல்ல, ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள் என்றார். ஒன்றைப் போட்டால் இன்னொன்றைத் தொடக்கூடாது. வெறும் வயிற்றில் கூடாது. டாக்டரைக் கேட்காமல் நாள்கணக்கில் விழுங்கக்கூடாது. நான் மூவரையும் தினமும் வெறும் வயிற்றுக்கு விருந்துக்கு அழைத்திருக்கிறேன். இரைப்பை புண்ணாகி ரத்தம் கசிகிறது, அது இறங்கும் வழியில் கறுத்துவிடுகிறது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உங்கள் கணவர் இல்லை என்று சரோஜாவிடம் சொன்னார்.

ரத்தம் வேண்டும் என்றதும் எங்கள் பிரிவே திரண்டு வந்தது. வரிசையில் முதல் ஆள் பாஷா பாய், சட்டைக் கையை மடித்துக்கொண்டு.

“ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“ஆமா. அவனுக்கு நான் குடுத்ததுதான்.”

“மலம்?”

பாய் பதில் சொன்னார். ரத்தம் கொடுக்க வந்தவரை என் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்து அவருக்கே ரத்தம் ஏற்றினார்கள். இருவரும் பன்னிரண்டு நாள் கஞ்சி குடித்தோம்.

திரும்பி வந்ததும், டாக்டரம்மா சொன்னபடி என் மேஜைக் கால்களுக்கு அடியில் மும்மூன்று செங்கல் வைத்தேன். முதுகுவலி பாதிக்குமேல் போய்விட்டது. என் உயிரை விலை கேட்ட நோய்க்கு மருந்து பன்னிரண்டு செங்கல்.

பாயின் முழங்காலுக்குச் செங்கல் உதவவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே தொழலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு வருடம் கழித்து, யாருக்கும் சொல்லாமல் மறுபடி அந்த மாத்திரையை ஆரம்பித்திருக்கிறார். ஒரு நாள் வேலைக்கு வரவில்லை. அறைக் கதவை உடைத்துத்தான் உடலை எடுத்தோம். அலமாரியில் மாத்திரை அட்டையும், பக்கத்திலேயே ஒரு பொட்டலம் வெல்லமும் இருந்தன.

இன்றும் காலையில் நான் பின்கட்டிலிருந்து வந்தால், அடுப்படியிலிருந்து சரோஜா குரல் கொடுப்பாள்: “இன்னா ஆர்டர்?” மருமகள் சிரிப்பாள், பேரப்பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். விருந்தாளி இருந்தாலும் விடமாட்டாள், மானம் போகும். “மஞ்சள்தான், போதுமா?” என்று முறைத்துக்கொண்டே நானும் பதில் சொல்லிவிடுவேன். பாய்க்குக் காலையில் இப்படிக் கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை.