தங்கத்தில் உங்கள் மகள், வெண்கலத்தில் நான்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அத்தை உங்களை மாடிப்படி ஏற விடுவதில்லை என்றும் நம்புகிறேன். இங்கே நான் உடல்நலத்தோடு இருக்கிறேன். மனநலத்தைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். உங்கள் மகள் மிக மிக நன்றாக இருக்கிறாள். விஷயமே அதுதான்.

மாமா, நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். ஏறுவதும் இறங்குவதும் எனக்குத் தெரியாத சங்கதியில்லை. வேலை முடிந்து வந்தால் கம்ப்யூட்டரில் ஓர் ஆட்டம் ஆடுவேன். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், எதிரி கோட்டையை முதலில் இடிக்கிற அணிக்கு வெற்றி. ஜெயித்தால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். இரும்பு, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள். நான் பல வருடமாக வெண்கலம். உங்கள் மகளோ நாள் முழுக்கச் செயற்கைப் பல் செய்துவிட்டு வருகிறவள், பாவம், கொஞ்சம் பொழுது போகட்டுமே என்று நானே பக்கத்தில் நாற்காலி போட்டு, மவுஸைப் பிடிக்கும் விதத்திலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சில சோதனை ஆட்டம் வைத்து, எந்தப் படியில் நிற்பது என்று அந்த விளையாட்டே முடிவு செய்யும். அவளை எடுத்த எடுப்பிலேயே வெள்ளியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது மாமா!

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றேன்.

"அப்படித்தாங்க இருக்கும்" என்று சிரிக்காமல் சொன்னாள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விளையாட்டுக் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். 'உங்கள் திறமைக்கு ஏற்ற இடத்தில்தான் இருக்கிறீர்கள், தொடர்ந்து மகிழுங்கள்' என்று பதில் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் வெல்டரிடம் காட்டினேன். அவன் வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் விளக்கினான். "அண்ணே, வெளியில தெரியற பட்டம் சும்மா. உள்ள ஒரு ரகசிய நம்பர் ஓடுது. நீங்க ஜெயிச்சா பலமான ஆளா கொண்டாந்து விடும், தோத்தா சாதுவான ஆளா விடும். ஒண்ணு ஜெயிச்சு ஒண்ணு தோத்து ஒரே இடத்துல நிக்கிறீங்கன்னா, அதுதான் உங்க இடம்." மாமா, இத்தனை வருடச் சம்சாரத்தில் உங்கள் மகள்கூட என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை.

போன மாதம் அவள் தங்கத்துக்குப் போய்விட்டாள். ஆசையாக ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாம் என்று உட்கார்ந்தால், 'உங்கள் இருவருக்கும் தர வித்தியாசம் அதிகம், ஒரே அணியில் சேர முடியாது' என்று திரையில் வருகிறது. ஒரே வீடு, ஒரே மேஜை, ஒரே மின்சாரக் கட்டணம், சேர முடியாதாம்! கல்யாணத்தின்போது உங்கள் சொந்தக்காரர்கள் சொன்னதை இப்போது கம்ப்யூட்டர் சொல்கிறது. இதற்கிடையில் அவளுக்கு ஒரு ஜோடி கிடைத்திருக்கிறது. நத்தை என்று பெயர் வைத்துக்கொண்ட எவனோ ஒருவன். முகம் தெரியாது, ஊர் தெரியாது. அவன் ஹெட்போனில் ஏதோ சொல்கிறான், இவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். என்னவென்று கேட்டால், "உங்களுக்குப் புரியாதுங்க, அது தங்கத்துல நடக்கிற கதை" என்கிறாள். நான் சொல்லும் ஜோக்குக்கு அவள் சிரித்து எவ்வளவோ நாளாகிறது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். நேற்று மாலை அவர்கள் கோட்டையை இடிக்கப் போகிற சமயம், நான் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன். பாதி ஆட்டத்தில் காணாமல் போனதற்காக அவளுக்குப் புள்ளியை வெட்டி, ஒரு நாள் ஆடவும் தடை போட்டுவிட்டார்கள்.

"ஃப்யூஸ் போயிடுச்சும்மா" என்றேன்.

"ஃப்யூஸுக்குக் கை முளைச்சிருக்கா?" என்றாள். சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைக்கிற சத்தம்தான் எனக்கும் அவளுக்கும் இப்போது பேச்சுவார்த்தை. ஆகவே மாமா, முழங்கால் இடம் கொடுத்தால் உடனே கிளம்பி வந்து, கட்டிய புருஷனை விட்டுவிட்டு நத்தையோடு சேர்வது நல்ல குடும்பத்துக்கு அழகா என்று நீங்களே உங்கள் மகளிடம் கேட்க வேண்டும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். அங்கே உள்ள பேரக் குட்டிகளுக்கு முத்தம். உங்கள் ஆசி என்றும் எனக்கு வேண்டும், இப்போது கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. "நத்தைகிட்ட நீங்களே மன்னிப்புக் கேளுங்க" என்று ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டாள். ஒரு கை பார்த்துவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். "தம்பி, ஃப்யூஸ் சரியாயிடுச்சா?" என்று ஒரு பெண்குரல்! ரிட்டயரான நர்ஸ் அம்மா, மாமா. தங்கமான மனுஷி. "மேல ஆடினா படபடப்பா வருது தம்பி, வெண்கலத்துல வேற பேருல எனக்கு இன்னொரு கணக்கு இருக்கு, சேர்ந்து ஆட வர்றியா?" என்றார்கள். போனேன். சாயங்காலத்துக்குள் நான் வெள்ளியை எட்டிவிட்டேன். அந்த விளையாட்டு மிக நேர்மையானது, நான் தப்பாக நினைத்துவிட்டேன். ஆனால் உங்கள் மகள் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, "அவங்க என் ஃப்ரெண்டுங்க, அப்படி என்ன சிரிப்பு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீங்கள் அவசியம் வாருங்கள். இவ்வளவு பொறாமை ஒரு குடும்பத்துக்கு ஆகாது என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.