முதுகு காட்டாத பபூன் அண்ணன்

மதுரையில் முன்பக்கமாக நடக்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் பபூன் அண்ணன்தான். மேடையில் நிற்கிறவர் சபைக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது நாடகக்காரர்களின் சட்டம். நாடகத்தில் பபூன் வேஷம் கட்டும் அவர் அதை ரோட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

நான் குடியிருந்தது நாடகக்காரர்களும் ஆர்மோனியக்காரர்களும் நிறைந்த பழைய தெரு. அதைச் சுற்றிப் பார்க்க செல்போனும் கையுமாக வருகிறவர்களை அண்ணன் விடமாட்டார். அவர்கள் முகத்தைப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டே பின்பக்கமாகவே நடப்பார். "இந்த வீட்டு ராஜபார்ட்டு பாடுனா அவனியாபுரத்துக் காளையெல்லாம் படுத்துரும்!" என்று கையை வீசும்போதே இளநீர் வண்டி மேல் உட்கார்ந்திருப்பார். வண்டிக்காரர் திட்டுவதையும் கதையில் சேர்த்துக்கொண்டு மேலே நடப்பார்.

அந்தச் சமயத்தில்தான், உறவென்று யாருமில்லாத எனக்குத் தரகர் ஒருவர் திருநகரில் பெண் காட்டினார். எனக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். மாப்பிள்ளையைப் பற்றித் தெருவில் விசாரித்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார். தெருவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் என்று நினைத்து அண்ணன் அவரை வளைத்துப்போட்டார்.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்த எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சரியாக என் வீட்டு வாசலில் இருவரும் நின்றார்கள்.

"மாடியில ஒரு தம்பி இருக்காராமே?" என்றார் ஹெட்மாஸ்டர்.

நாடகத்தில் பபூனுக்கு வேலையே எல்லாரையும் கிண்டல் செய்வதுதான். அண்ணன் ஆரம்பித்துவிட்டார். "அவனா! குளிக்கையில பாடுவாண்ணே. தெரு நாயெல்லாம் சமயநல்லூருக்குக் குடிபோயிருச்சு."

"குடிப்பாரோ?"

"டீயே அடுத்தவன் வாங்கிக் குடுத்தாத்தான் குடிப்பான். அம்புட்டுக் கஞ்சன்!"

"பொம்பளைப் புள்ளைக சகவாசம்..."

"அந்த மூஞ்சிக்கா? நீங்க வேற!"

ஹெட்மாஸ்டர் வந்த வழியே கிளம்பிவிட்டார். நான் இறங்கி ஓடி வந்து, அவர் யாரென்று சொன்னதும் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவி, உன் கல்யாணத்தைக் கெடுத்துட்டேனே மாப்ள! இரு, போயிட்டு வாரேன்" என்று கட்டின கைலியோடு திருநகர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஹெட்மாஸ்டர் வீட்டு வாசலில் அவர் என்னைப் புகழ்ந்த புகழ்ச்சியை அந்தத் தெருவே கேட்டதாம். நான் தங்கமாம், தர்மப்பிரபுவாம், கலெக்டரே என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டாராம்.

ஹெட்மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "ஐயா, நீங்க காலையில சொன்னதை நம்பித்தான் பொண்ணு தர்றதா முடிவு பண்ணியிருக்கேன். இப்ப பேசிக் கெடுத்துராதீங்க."

கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனபோது, மாப்பிள்ளை வீட்டார் என்று யார் பேரைப் போடுவது என்று அச்சாபீஸ்காரர் கேட்டார். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஊரறிந்த பேராகவே போடச் சொன்னேன்: பபூன், மாப்பிள்ளையின் அண்ணன்.