பூனைக்கு வருகைப் பதிவேடு

நூல் மில் டைம்கீப்பர் அன்று காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டில் ஒன்று பூனை இருக்க வேண்டும், இல்லை அவர் இருக்க வேண்டும். இதை அப்படியே சொன்னால் மனைவி யாரை வைத்துக்கொள்வாள் என்று ஒரு கணம் யோசித்தார். உடனே முடிவைக் கொஞ்சம் திருத்திக்கொண்டார். பூனை இருக்கட்டும், ஆனால் வாசலுக்கு வெளியே இருக்கட்டும்.

உண்மையில் விவகாரம் பூனையைப் பற்றியதல்ல, ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலியைப் பற்றியது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் பீரோ, கட்டில், டிவி ரிமோட் எல்லாம் ஒவ்வொன்றாக மனைவி வசம் போய்விட்டன. அவருக்கென்று மிஞ்சியது அந்த நாற்காலி ஒன்றுதான். மில்லிலிருந்து வந்து அதில் சாய்ந்து காலை நீட்டினால் அரை மணி நேரத்துக்கு அவர் ராஜா. மூன்று மாதமாக அங்கே ஒரு சாம்பல் நிறப் பூனை சுருண்டு கிடக்கிறது. எழுப்பினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறது. மில் மேனேஜரும் அவரை அப்படித்தான் பார்ப்பார்.

“பூனைன்னா வெளியில திரியற பிராணி. அதைப் போய் உள்ள அடைச்சு வச்சிருக்கியே, பாவம் இல்லையா?”

“பாவம் யாருங்க, அதுவா நீங்களா?” மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“நான் நியாயத்தைச் சொல்றேன்.”

“வெளியில வண்டி போகுது, நாய் துரத்துது. அது உள்ளதான் இருக்கும்.”

“நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். பூனையே முடிவு பண்ணட்டும்.”

“பேசுமா அது?”

“எதுக்குப் பேசணும்? அட்டெண்டன்ஸ் எடுப்போம்!”

நூல் மில் வாசலில் இருபத்திரண்டு வருஷமாக வருகைப் பதிவேட்டைக் கட்டிக்கொண்டு அழுபவர் அவர். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு ஒருத்தன் வந்து கெஞ்சினாலும், “கையெழுத்து இருக்கா? இல்லைன்னா நீ வரவே இல்லை” என்று சொல்லிவிடுவார். அவன் எதிரிலேயே நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். மில் சுற்றறிக்கை மாதிரி ஒரே ஒரு விதி எழுதினார்: ‘ஏழு நாட்கள் யார் எங்கே இருக்கிறார்களோ, அதுவே அவரவர் இடம். மேல்முறையீடு கிடையாது.’ கீழே கையெழுத்துப் போட்டு மனைவியிடம் நீட்டினார். அவள் இரண்டு தரம் படித்தாள்.

“யார் எங்கேன்னு பொதுவாப் போட்டிருக்கீங்களே?”

“விதின்னா பொதுவாத்தான் இருக்கணும்.”

“சரிங்க” என்று அவளும் கையெழுத்துப் போட்டாள்.

சண்டை போடாமல் அவள் ‘சரிங்க’ சொன்னபோதே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஏழு நாள் லீவு போட்டார். கதவை விரியத் திறந்துவைத்து, வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டூலுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு பொட்டலம் வறுத்த மீன். பூனை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது. நோட்டில் மூன்று வேளையும் குறித்தார்: காலை, வெளியே. மதியம், வெளியே. மாலை, வெளியே.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. அவர் எழுந்து உள்ளே போனால் பூனையும் கூடவே வரும். அதனால் அவரும் வாசலிலேயே கிடந்தார். வேளாவேளைக்கு மனைவி டீ கொண்டுவந்தாள். டீயோடு ஒரு நோட்டையும் நீட்டினாள்.

“வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்து.”

அவர் பூரித்துப் போய்விட்டார். இப்போதுதான் இந்த வீட்டில் ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது! என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டுத் தபால்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

“என்ன சார், மூணு நாளா வெளியிலயே இருக்கீங்க. வீட்டுல ஏதாவது...?”

“ஆபீஸ் வேலை சார்.”

“மடியில பூனை இருக்கே?”

“அதுதான் சார் ஆபீஸ் வேலை.”

தபால்காரர் தலையாட்டியபடி திரும்பிப் போனார். சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து ஒரு தட்டு பிஸ்கட் மட்டும் அனுதாபத்தோடு வந்து சேர்ந்தது. பூனையும் டைம்கீப்பருமாகச் சாப்பிட்டார்கள். சொல்லப்போனால் அந்த வாரம் அவருக்குச் சுகமாகவே போயிற்று. மடியில் கதகதப்பாக ஒன்று கிடந்து குர்குர் என்றது, மேனேஜர் தொல்லையும் இல்லை.

ஏழாம் நாள் மாலை கணக்கு முடிந்தது. இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று! பதிவேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். சாய்வு நாற்காலியில் மனைவி காலை நீட்டிப் படுத்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குத் தலையணை வேறு.

“பாத்தியா? அத்தனையும் வெளியே!”

“ரொம்ப சரி. ஏழு நாள் யார் எங்க இருந்தாங்களோ, அது அவங்க இடம்.”

“மேல்முறையீடு கிடையாது!”

“கிடையவே கிடையாது.”

“அப்போ எழுந்திரு. என் நாற்காலியை விடு.”

அவள் தலையணைக்கு அடியிலிருந்து டீ நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில், ‘சாய்வு நாற்காலி’ என்ற தலைப்பின் கீழ் அவள் கையெழுத்து, இருபத்தொன்று. அடுத்த பக்கத்தில், ‘வாசல் ஸ்டூல்’. அதன் கீழே அவருடைய கையெழுத்து, அழகாக, சுழித்துச் சுழித்து, அதுவும் இருபத்தொன்று.

அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்னாலேயே வந்த பூனை ஒரே தாவலாகத் தாவி அவள் மடியில் ஏறிச் சுருண்டது.

“பூனை! பூனை வெளியில! அதாவது ரூல்படி நடக்கணுமா இல்லையா?”

அவள் அவருடைய பதிவேட்டை வாங்கி, ஒரு பக்கம் விடாமல் நிதானமாகப் புரட்டினாள்.

“பூனை இதுல எங்கயும் கையெழுத்துப் போடலீங்களே. அப்போ அது வெளியில வரவே இல்லை.”

டைம்கீப்பர் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் எந்தத் தொழிலாளியும் இதற்குப் பதில் கண்டுபிடித்ததில்லை. மெதுவாக வாசலை நோக்கி நடந்தார். ஸ்டூலும் அப்படியொன்றும் மோசமில்லை, வாசலில் நல்ல காற்று வருகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

“ஏங்க, போறப்போ கதவைச் சாத்திட்டுப் போங்க. பூனைக்குக் காத்து ஆகாது.”