பர் துபாய் பக்கம் போகக் கூடாது

"அஜ்மானா? அது எங்க இருக்கு?"

துபாய் விமான நிலைய வாசலில் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள் சந்திரகலா.

"பக்கம்தான் கலா. அங்க ரூம் வாடகை கம்மி" என்றான் தியாகு.

"நீங்க எங்க இருப்பீங்க?"

"நான் இங்கயே, கம்பெனி ஆளுங்க தங்கற கேம்ப்ல. வெள்ளிக்கிழமை லீவு. தவறாம வந்து பார்த்துடுவேன்."

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வந்து பார்க்கறதுக்கு நான் என்ன சமயபுரம் மாரியம்மனா?"

காரோடு காத்திருந்த கம்பெனி டிரைவர் கௌஸ் முகைதீன் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தியாகுவுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான இரண்டாம் மாதம், ஏ.சி. மெக்கானிக் பயிற்சிக்காகத் திருச்சியிலிருந்து வந்தவன் அவன். பகலில் சைட்டில் வேலை, மாலையில் வகுப்பு, மொத்தம் ஒரு வருஷம். இன்னும் நான்கு மாதம் தாக்குப்பிடித்துப் பரீட்சையில் தேறிவிட்டால் வேலை நிரந்தரம். ஆனால் கம்பெனி சட்டம் ஒன்று இருந்தது. மேனேஜர் முதல் பெருக்குகிறவர் வரை யாரும் மனைவியை அழைத்து வரக் கூடாது. மீறினால் மறுநாளே ஊருக்கு டிக்கெட். இதையெல்லாம் எட்டுப் பக்கக் கடிதமாக எழுதினான். பதிலுக்கு, 'வியாழன் வருகிறேன்' என்று இரண்டே வார்த்தையில் தந்தி வந்தது.

"பர் துபாய்ல நம்ம ஊர்க்காரங்க நிறைய இருக்காங்க" என்று கௌஸ் முகைதீன் வாயை விட்டார்.

"ஐயோ, அங்க வேண்டாம்! பர் துபாய் பக்கமே போகக் கூடாதுன்னு மேனேஜர் முதல் வகுப்புலயே சொல்லிட்டார். கொசுவாம், தண்ணி வராதாம்."

"கோயில் இருக்கா?"

"இருக்கு."

"கறிவேப்பிலை கிடைக்குமா?"

"கிடைக்கும், ஆனா..."

"அப்ப அங்கதான். வண்டிய எடுங்கண்ணே."

கோயிலுக்குப் பின் தெருவில், முதல் மாடியில் ஒரு அறை கிடைத்தது. வீட்டுக்காரி உம்மு ஹானி குடும்பஸ்தர்களுக்குத்தான் வாடகைக்கு விடுவாள். சந்திரகலாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். அன்றிலிருந்து தியாகு வீட்டுக்காரிக்குக் குடும்பஸ்தன், கம்பெனிக்குத் தனிக்கட்டை. மாலை வகுப்பு முடிந்ததும் ஊர் நடுவே ஓடும் கடற்கழியைப் படகில் தாண்டி பர் துபாய் போவான். மனைவி கையால் ரசம் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குள் கேம்புக்குத் திரும்பிவிடுவான்.

நான்கே நாளில் கேம்ப் சமையல்காரர் மேனேஜரிடம் வத்தி வைத்துவிட்டார். "தியாகு தட்டு தினமும் மிஞ்சுது சார்."

காப்பாற்றுகிறேன் என்று கௌஸ் முகைதீன் குறுக்கே விழுந்தார். "தம்பி விரதம் சார். தினமும் கோயிலுக்குப் போறாரு."

மேனேஜர் ஸ்ரீனிவாசன் தியாகுவைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன விரதம்யா?"

"சஷ்டி சார்."

"சஷ்டி முடிஞ்சு நாலு நாள் ஆச்சே?"

"அடுத்த சஷ்டிக்கு இப்பவே ஆரம்பிச்சுட்டேன் சார்."

"எந்தக் கோயில்?"

"பர் துபாய்..."

ஸ்ரீனிவாசன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "எந்த வழியாப் போறே? பின் தெரு வழியாவா? அந்தப் பக்கம் போகாதேன்னு தலைதலையா அடிச்சுண்டேனே! குடும்பத்தை விட்டுட்டு வந்தவன் மனசைக் கட்டுப்படுத்திக்கணும். என்னைப் பாரு. நாலு வருஷமா ஒண்டிக்கட்டை. நான் ஊர் சுத்தறேனா?"

"இல்ல சார்."

"இனிமே யாரும் தனியாப் போகப்படாது. வெள்ளிக்கிழமை கம்பெனி வேன் விடறேன். ஒம்பது மணிக்குச் சாமியைப் பாரு, பத்து மணிக்கு எல்லாரும் கேம்ப்ல இருக்கணும்."

போச்சு. தினமும் பார்த்த பெண்டாட்டியை இனி வெள்ளிக்கிழமைகூடப் பார்க்க முடியாது. மற்ற ஏழு டிரெய்னிகளுக்கோ ஒரே கொண்டாட்டம். அவர்களுக்கு ஓசியில் வேன் வாங்கிக் கொடுத்த பக்திமான் தியாகு.

வெள்ளிக்கிழமை கோயில் வரிசையில் எட்டுப் பேரும் நின்றார்கள். ஐந்து நாளாகக் கணவனைக் காணாத சந்திரகலா, பட்டுப்புடவையும் பூவுமாக நேரே அவனிடம் வந்து குங்குமத்தை நீட்டினாள்.

"என்னங்க, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

பின்னால் நின்ற அறைத்தோழன் பன்னீர்செல்வம் அவன் தோளை இடித்தான். "யாருப்பா இது?"

தியாகு சாமி பக்கம் திரும்பிக்கொண்டான். "தெரியாது. யாரோ."

சந்திரகலா நீட்டிய குங்குமத்தைத் தன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டாள். தியாகுவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. இதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"கௌஸ் பாய், நீங்க வேனை எடுங்க. நான் வரல" என்று சொல்லிவிட்டுப் பின் தெருவுக்கு ஓடினான்.

சந்திரகலா மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"உங்க கேம்புக்கு. யாரோன்னு சொன்னீங்களே, யாருன்னு உங்க மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வரேன்."

"வேலை போயிடும் கலா!"

"போகட்டும். திருச்சியில வெயில் அடிக்கலையா, ஏ.சி. கெட்டுப் போகலையா? நான் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன். அனுப்பறவங்க வந்து அனுப்பட்டும்."

கீழே செருப்புச் சத்தம் கேட்டது. கறுப்புக் கண்ணாடியும் கையில் ஒரு காகிதப் பையுமாக ஸ்ரீனிவாசன் படியேறி வந்துகொண்டிருந்தார். தியாகுவைப் பார்த்ததும் சிலையாக நின்றார்.

வேவு பார்க்கவே வந்துவிட்டார் மனுஷன்! தியாகு சுவரோடு ஒட்டிக்கொண்டான். "சார்... பிரசாதம் வாங்க..."

"நீங்கதான் மேனேஜரா?" சந்திரகலா ஒரு படி இறங்கினாள். "நான் இவர் சம்சாரம். தாலி கட்டினவரோட இருக்க யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?"

"மெதுவாப் பேசும்மா" என்றார் ஸ்ரீனிவாசன். நெற்றியெல்லாம் வேர்வை.

"எதுக்கு மெதுவா? நாங்க என்ன திருடிட்டா வந்தோம்?"

"சரிம்மா, சரி. நான் உங்களைப் பார்க்கவே இல்லை. போதுமா?"

மனைவியின் முன்னால் மேனேஜரே நடுங்குவதைப் பார்த்ததும் தியாகுவுக்கும் எங்கிருந்தோ தைரியம் வந்தது. கலாவின் பக்கத்தில் போய் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்படியெல்லாம் வேண்டாம் சார். நல்லாப் பாருங்க. இவ என் பொண்டாட்டி. கோயில்ல தெரியாதுன்னு சொன்னதுக்கே வெட்கமா இருக்கு. இனிமே யார் கேட்டாலும் சொல்வேன். டிக்கெட் குடுக்கறதா இருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்துக் குடுங்க!"

"கத்தாதேய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று ஸ்ரீனிவாசன் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே, இரண்டாவது மாடிக் கதவு திறந்தது. மடிசார் கட்டிய ஒரு அம்மாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"ஏன்னா, அங்கேயே நின்னுண்டு யாரோட பேசிண்டிருக்கேள்? உங்க கம்பெனிக்காரா யாராவது பாத்துத் தொலைக்கப் போறா, சீக்கிரம் ஆத்துக்குள்ள வாங்கோ!"