பழனி ஏறியவன் சந்தக்பூ போன கதை

காதலிக்கிற பெண்ணின் அப்பாவோடு மலையேறப் போகக் கூடாது. வங்காளத்துப் பவானிபூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழனான நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மௌஷுமியின் அப்பா ஒவ்வொரு வசந்தத்திலும் பூப் பார்க்க வடக்கே குளிர் பிரதேசத்தில் இருக்கும் சந்தக்பூ மலைக்குப் போவார். அந்த வருடம் என்னையும் கூப்பிட்டார். போகிற வழியில் பெண் கேட்டுவிட வேண்டும் என்பது மௌஷுமியின் உத்தரவு. மலை அனுபவம் உண்டா என்று அவர் கேட்டபோது, நிறைய என்றேன். (பழனி. அதிலும் போன தடவை வின்ச்.) "பழனிப் படியே ஏறினவன்டா நீ" என்று அம்மா வேறு ஏற்றிவிட்டாள். அவர் மங்கி கேப், மஃப்ளர், மழைக்கோட்டு என்று பாதி வீட்டை மூட்டை கட்டினார். நான் ஒரு பருத்திச் சட்டை, ஒரு துண்டு, ரப்பர் செருப்போடு கிளம்பினேன். பழனியில் செருப்பே கிடையாது. அந்தக் கணக்கில் இது ஆடம்பரம்.

காலையில் நல்ல வெயில். அவரை முந்திக்கொண்டு நடந்தேன். திடீரென்று பனிமூட்டம், பின்னாலேயே மழை, அதன்பின் ஆலங்கட்டி. செருப்பு வார் அறுந்து, உட்கார்ந்த நிலையிலேயே வெகுதூரம் சறுக்கி ஒரு புதரில் போய் நின்றேன். கணுக்கால் வீங்கிவிட்டது, பல் தந்தியடித்தது. அவர் தன் மங்கி கேப்பைக் கழற்றி என் தலையில் மாட்டினார். உருளைக்கிழங்கு மூட்டையை மேலே இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு கோவேறு கழுதையை நிறுத்தி என்னை அதில் ஏற்றி, கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அடிவாரம் வந்ததும் வெயில் ஒன்றுமே நடக்காதது போல அடித்தது. ஊரே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. காலையிலிருந்து ஏதோ சொல்ல வருகிறாயே, என்ன என்று அவர் கேட்டார். மனப்பாடம் செய்திருந்த பேச்சு முழுக்க மறந்துவிட்டது.

"காக்கு, எங்க பக்கம் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையை இப்படித்தான் ஊர்வலமா கூட்டிட்டு வருவாங்க" என்றேன். (காக்கு என்றால் அங்கே அங்கிள். பேசியது வங்காளியில். மானம் போனது எல்லா மொழியிலும்.)

அவர் நின்றார். கழுதையும் நின்றது. என்னை மேலிருந்து ஒற்றைச் செருப்பு வரை பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவரோ கழுதையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ. மாப்பிள்ளை கீழே விழக் கூடாது" என்றார்.

கால் வலி போன இடம் தெரியவில்லை. அத்தனை சந்தோஷம். அவர் தன் போனை டீக்கடைக்காரரிடம் கொடுத்து எங்களைப் படம் எடுக்கச் சொன்னார்.

கல்யாணத்தின்போது மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வேண்டும் என்று அம்மா கேட்டாள். அதைத்தான் நானே முன்னால் நின்று நடத்திவிட்டேனே என்று மாமனார் கையை விரித்துவிட்டார். கல்யாண ஆல்பத்தின் முதல் படம் இன்றும் டீக்கடைக்காரர் எடுத்த அந்தப் படம்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா எடுத்துக் காட்டுவாள்.

"கயிறு பிடிச்சிண்டிருக்கறவர் சம்பந்தி. மேல இருக்கறதுதான் எங்க பையன்."